மறு: பிளேக்குக்குத் தமிழில் படிவா, புடைப்பா?

நண்பர்களே, வணக்கம். தமனியின் (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் குழாயின்) சுவரில் கொழுப்பு சேர்ந்து உண்டாகும் பிளேக்கை (plaque; கொள்ளைநோய் அல்ல) தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் குழு விவாதத்தில், கீழுள்ள கருத்துக்கு என் பதில் இது.

> பிளேக்குக்குக் ‘கொழுப்புப் படிவு’ போதும். எல்லோருக்கும் புரிகிறது.

புரிகிறது ஐயா, ஆனால் தவறாகப் புரிகிறது. படிவு என்றதும், குழாய்க்குள் உப்பு படிகிற மாதிரி ரத்தம் ஓடும் வழியில் கொழுப்பு ஒட்டியிருப்பதாகவே நினைக்கத் தோன்றும். உண்மையில் எல்டிஎல் என்ற ‘கெட்ட’ கொலஸ்டிரால் தமனியின் உட்படலத்தைத் தாண்டி, சுவருக்குள்ளேயே போய்த் தங்குகிறது. அதை விழுங்க வரும் வெள்ளையணுக்கள் கொழுப்பேறி நுரைச்செல்களாகி அங்கேயே மடிகின்றன. மேலே நார்த்திசு மூடியாக வளர, சுவர் புடைக்கிறது. மூடி கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து தமனி திடீரென அடைபடும். அதுவரை பாதிகூட அடைபடாத இடத்தில் பலருக்கு மாரடைப்பு வருவது இப்படித்தான்.

தாராவி 90 அடிச் சாலைப் பக்கம் நடந்த பிரஷர் முகாமில் திருநெல்வேலிக்காரப் பெரியவர் ஒருவர், சட்டைப்பையிலிருந்து ஸ்டாட்டின் என்ற கொலஸ்டிரால் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். பாதி மாத்திரை அப்படியே இருந்தது. "இதப் போட்டா பிளாக்கேஜ் கரைஞ்சிரும்லா? அப்புறம் நிப்பாட்டிரலாம்லா?" என்று கேட்டார். மும்பையில் எந்த மொழிக்காரரைக் கேட்டாலும் பிளாக்கேஜ்தான். நம் படிவும் அதே எண்ணத்தைத்தான் ஊட்டுகிறது. ஸ்டாட்டின் கல்லீரலில் கொலஸ்டிரால் உருவாவதைக் குறைக்கிறது. எல்டிஎல் இறங்க இறங்க மூடி தடித்து உறுதிப்படுகிறது. கரைவதைவிட, கிழியாமல் இருப்பதுதான் பெரிய லாபம். நிறுத்தினால் எல்டிஎல் பழையபடி ஏறிவிடும். இதைப் படிவு என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவருக்கு விளக்கப் படாத பாடு பட்டோம்.

‘காரை’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான், ஆனால் பற்காரை பல்லின் மேலே படிவது. இங்கே பொருந்தாது.

என் பரிந்துரை ‘கொழுப்புப் புடைப்பு’. வெறும் ‘தமனிப் புடைப்பு’ என்றால் தமனி பலவீனமாகி வெளிப்புறம் வீங்கும் அனியூரிசத்தோடு குழம்பும். அதனால் கொழுப்பு என்ற அடை அவசியம். புடைப்பு மூடி, புடைப்புக் கிழிவு என்று கிளைச்சொற்களும் எளிதாக அமைகின்றன.

பிரஷர் 140/90-க்கு மேலேயே நின்றால் உட்படலம் பழுதாகிக் கொழுப்பு நுழைவது எளிதாகும். இருக்கிற மூடிக்கும் சுமை கூடும். பிரஷர் மாத்திரையும் கொலஸ்டிரால் மாத்திரையும் ஏன் ஒரே சீட்டில் வருகின்றன என்பதைப் புடைப்பு என்ற சொல்லை வைத்துச் சுலபமாகச் சொல்லிவிடலாம்.

அடுத்த முகாமுக்கான துண்டறிக்கை அச்சுக்குப் போகவேண்டும். குழுவில் உள்ள மருத்துவர்கள் இந்தச் சொல்லில் குறை இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.