எபாக்ஸியில் மஞ்சள் தூள் போட்டேன், செங்கல் நிறம் வந்துவிட்டது. வேறு எதைக் கலக்கலாம்?

மரத்தூள்:

வணக்கம். மாடியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வேலை மட்டும்தான். பழைய தேக்கு ஜன்னல் சட்டங்களை அறுத்து சாவிக்கொத்து, டிராயர் கைப்பிடி மாதிரி சில்லறைச் சாமான்கள் செய்கிறேன். ஆணி ஓட்டை, வெடிப்பு எல்லாவற்றிலும் எபாக்ஸி (ரெசின், ஹார்டனர் என்ற இரண்டையும் கலந்தால் கல்லாக இறுகுகிற பசை) ஊற்றி, காய்ந்ததும் தேய்த்துவிடுவேன். நிறமில்லாமல் ஊற்றினால் ஓட்டைக்குள் இருக்கிற துருவும் அழுக்கும் அப்படியே பளிச்சென்று தெரிகிறது. ரெசினுக்கென்றே விற்கிற நிறப்பொடி இருக்கிறது, ஆனால் எனக்கு ஒரு தடவைக்குத் தேவை கால் ஸ்பூன், அவர்கள் தருவதோ பெட்டி பெட்டியாக.

சரி, வீட்டில் இருப்பதைப் போட்டுப் பார்ப்போம் என்று சமையலறையிலிருந்து மஞ்சள் தூளை எடுத்தேன். ரெசினில் கலக்கும்போது அருமையான மஞ்சள். ஹார்டனரை ஊற்றிக் குச்சியால் நாலு சுற்று சுற்றியதும் கண்ணெதிரே ஆரஞ்சாகி, மறுநாள் காலையில் பார்த்தால் செங்கல் நிறம்! இன்னொன்றில் பையனுடைய போஸ்டர் கலரைத் தாராளமாகவே விட்டேன், இரண்டு நாளாகியும் நகம் வைத்தால் பதிகிறது. கோலப்பொடி, குங்குமம் இதெல்லாம் யாராவது முயன்றிருக்கிறீர்களா?

பிப்பெட்:

நீங்கள் செய்தது ஆரத்தி கரைக்கிற வேலைதான். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அதே கதை. ஹார்டனர் பெரும்பாலும் அமீன் வகை, சுண்ணாம்பு மாதிரியே காரத்தன்மை உள்ளது. அப்படியே மஞ்சளாக நின்றிருந்தாலும் வெயில் படும் இடத்தில் வெளுத்துப்போயிருக்கும், மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்குத் தாங்காது. போஸ்டர் கலரில் இருப்பது தண்ணீர். ஓரிரு சொட்டு என்றால் தப்பித்துக்கொள்ளலாம், தாராளமாக விட்டால் இப்படித்தான்.

பழைய தச்சன்:

தம்பி, சமையலறையை விட்டுவிட்டு பெயிண்ட் கடைக்குப் போங்கள். தரைக்குப் போடுகிற ரெட் ஆக்சைடு பொடி கேளுங்கள், மஞ்சளும் கறுப்பும் கூடக் கிடைக்கும். இருக்கிறதிலேயே மலிவு அதுதான், நூறு கிராம் வாங்கினால் உங்கள் அளவு வேலைக்கு வருடக்கணக்கில் வரும். அது இரும்புத் துரு, இதற்கு மேல் துருப்பிடிக்க அதில் ஒன்றுமில்லை, அதனால் வெளுக்காது. ரெட் ஆக்சைடு தரை போட்ட பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்களே.

கறுப்புக்கு அடுப்புக்கரியை இடித்துத் துணியில் சலித்தாலே போதும். நீலத்துக்கு, வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலம் பொடியாகக் கிடைத்தால் அதை எடுங்கள். சொட்டு நீலம் வேண்டாம், அது தண்ணீர். தேக்கு ஓட்டையைத் தேக்கு மாதிரியே நிரப்ப வேண்டுமென்றால் உப்புத்தாளில் தேய்த்து விழுகிற மாவு இருக்கிறதே, அதையே கலந்துவிடலாம். ஆனால் காய்ந்த மரத்தின் நிறம் வராது, எண்ணெய் தேய்த்த மரத்தின் நிறம்தான் வரும், ஒரு படி இருட்டாக.

எதைப் போட்டாலும் முதலில் வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். பொடியை ஹார்டனர் சேர்க்கும் முன்பே ரெசினில் போட்டு, பழைய ஓட்டின் மேல் கத்தியால் விழுதாக நசுக்குங்கள். கடைசியில் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும், தேய்க்கும்போது அந்தக் கட்டி உடைந்து குழி விழும். அளவு நூறு கிராம் கலவைக்கு ஐந்து கிராமைத் தாண்ட வேண்டாம்.

அப்புறம் நான் பட்ட ஒரு அவஸ்தை. இரண்டு பங்கு ரெசினுக்கு ஒரு பங்கு ஹார்டனர் என்று எழுதியிருந்தது. ஐம்பது கிராம் ரெசினில் ஐந்து கிராம் பொடி போட்டுவிட்டுத் தராசைப் பார்த்தேன், 55 காட்டியது, அதில் பாதி என்று 27.5 கிராம் ஹார்டனரை ஊற்றிவிட்டேன். 25 தான் ஊற்றியிருக்க வேண்டும், பொடிக்கு எதற்கு ஹார்டனர்? கைப்பிடி காய்ந்த மாதிரிதான் இருந்தது, ஆனால் வெயில் பட்டதும் ரப்பராக வளைந்தது. அதிலிருந்து பொடி போடுவதற்கு முன்பே ரெசின் எடையைச் சுவரில் எழுதிவைத்துவிடுகிறேன்.

ஜிமிக்கி:

நான் தோடு, பதக்கம் செய்கிறேன். கோலப்பொடி பற்றிக் கேட்டீர்களே, இரண்டு விதமாகவும் ஏமாந்திருக்கிறேன். கலர் கோலப்பொடி கொரகொரப்பாக இருப்பதால் ஊற்றிய கொஞ்ச நேரத்திலேயே அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. வெள்ளைக் கோலப்பொடி இன்னும் மோசம், ரெசினில் நனைந்ததும் வெள்ளை காணாமல் போய், அழுக்குக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வெள்ளை வேண்டுமென்றால் டைட்டானியம் டையாக்சைடு பொடிதான், வேறு வழியில்லை. மினுமினுப்புக்கு, உடைந்துபோன ஐ ஷேடோவைத் தூளாக்கிப் போடுவேன், அதில் அபிரகம் இருக்கும், அழகாக வரும்.

குங்குமத்தைத் தொடாதீர்கள். சில கடைக் குங்குமத்திலும் செந்தூரத்திலும் ஈயம் இருக்கிறது, நீங்கள் அதைத் தேய்த்துப் புழுதியாக்கி மூச்சில் இழுக்கப்போகிறீர்கள். பிரிண்டர் டோனர் நல்ல கறுப்புதான், ஆனால் அது புகை மாதிரிப் பறக்கும், எனக்குப் பயம். எந்தப் பொடியானாலும் மாஸ்க் இல்லாமல் வேண்டாம், கையுறையும்தான். எனக்கு ஹார்டனர் பட்டுப் பட்டு இப்போது ஒரு துளி பட்டாலே விரலிடுக்கில் தடிக்கிறது.

மரத்தூள்:

எல்லோருக்கும் நன்றி. சோடா மூடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பார்த்தேன். ரெட் ஆக்சைடு அப்படியே திண்ணை நிறம், தேக்குக்குப் பக்கத்தில் அவ்வளவு பொருத்தம். கரித்தூளும் சரி, கொஞ்சம் போட்டதற்கே முழுக்கறுப்பு. நீலப்பொடி மட்டும் மண்ணெண்ணெய்ப் பச்சை மாதிரி ஒரு நிறத்தில் நிற்கிறது. கடையில் ட்யூபில் வாங்கிய எபாக்ஸி. அண்ணா, இதிலும் ஹார்டனர்தான் வேலையைக் காட்டியதா?

பழைய தச்சன்:

இல்லை தம்பி, அந்த நீலம் காரத்துக்கு அசையாது. ட்யூபைப் பிதுக்கிப் பாருங்கள், எபாக்ஸியே தேன் நிறத்தில் இருக்கும், மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சைதானே. அந்தம்மா சொன்ன டைட்டானியம் ஒரு சிட்டிகை சேருங்கள், கொஞ்சம் வானநீலம் பக்கம் திரும்பும். அதுவும் நாளாக ஆக எபாக்ஸி மஞ்சளடிக்கும்போது மறுபடி பச்சைக்கு வரும். நான் அந்த நிறத்தை மயில்கழுத்து என்று சொல்லித்தான் விற்கிறேன்.