சனிக்கிழமைச் சமையலுக்கு ஆட்கள் தேவை (ஸ்காபுறோ)

வணக்கம் உறவுகளே,

ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் சனிக்கிழமைகளில் சூடான மதியச் சாப்பாடு கொடுக்கிறோம். பக்கத்து அறையில் உலர் உணவு. கோவில், பள்ளிவாசல், குருத்துவாரா, தேவாலயம் என்று முறை வைத்துச் சமைக்கிறார்கள். அடுத்த மாதம் கோவில் முறை. பெரிய கிடாரத்தில் சோறும் சாம்பாரும் சமைத்துப் பழகியவர்கள் எங்களிடம் போதாது. யாராவது வரமுடியுமா?

எல்லோரும் சாப்பிடவேண்டும் என்பதால் முழுக்க மரக்கறிதான். பரிமாறி முடியும்வரை சாப்பாட்டின் சூடு 60 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கக்கூடாது. இது ஒன்ராறியோ சுகாதார விதி. வெப்பமானியோடு நிற்கவும் ஓர் ஆள் வேண்டும். சமைக்கத் தெரியாத பிள்ளைகளும் இதைச் செய்யலாம்.

உலர் உணவை நாங்கள் பையில் கட்டிக் கொடுப்பதில்லை, வருபவர்களே அலுமாரித் தட்டுகளில் பார்த்து எடுப்பார்கள். போன மாதம் ஓர் அம்மா சூப் ரின்களை எல்லாம் திருப்பி வைத்துவிட்டு மைசூர்ப் பருப்பை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். அதனால் பருப்பு, அரிசி, கடலை தந்தால் பெரிய உதவி.

கடை வைத்திருப்பவர்கள் தயங்கவேண்டாம். நல்ல உணவை நல்லெண்ணத்தோடு கொடுப்பவர்களுக்கு ஒன்ராறியோவின் 1994ஆம் ஆண்டு உணவு நன்கொடைச் சட்டம் வழக்குகளிலிருந்து பாதுகாப்புத் தருகிறது.

அப்புறம் ஒரு கேள்வி. வயதானவர்கள் குளிரில் வரிசையில் நிற்கிறார்கள், பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. இலக்கச் சீட்டுக் கொடுத்து உள்ளே இருத்திய அனுபவம் யாருக்காவது இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள். வர விரும்புபவர்கள் உள்பெட்டியில் சொன்னால் நேரத்தையும் இடத்தையும் அனுப்புகிறேன்.