நிஷ்னி நோவ்கரோத்தில் ஒரு சனி ஞாயிறு: கோர்க்கி வீடு தவிர என்ன பார்க்கலாம்?

வெண்ணாற்றங்கரை:

வேலை விஷயமாக மாஸ்கோ வந்திருக்கிறேன், வருகிற சனி ஞாயிறு சும்மா இருக்கிறது. ஆபீசில் எல்லோரும் பீட்டர்ஸ்பர்க் போ என்கிறார்கள். எனக்கென்னவோ நிஷ்னி நோவ்கரோத் போகலாம் என்று ஆசை. வீட்டு அலமாரியில் ரகுநாதன் மொழிபெயர்த்த 'தாய்' அட்டை கிழிந்து கிடக்கும், கல்லூரிக் காலத்தில் படித்தது, அதை எழுதிய கோர்க்கி பிறந்த ஊர் இது என்பதைத் தவிர இந்த ஊரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தேடிப் பார்த்தால் கிரெம்லின், படிக்கட்டு, கேபிள் கார் என்று எல்லாத் தளத்திலும் ஒரே பட்டியல்.

எந்தத் தெருவில் நடந்தால் ஊர் பிடிபடும்? 'தாய்' கதையில் வரும் அந்த ஆலை நிஜமா, இப்போதும் இருக்கிறதா? ரஷ்ய மொழி எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான்.

மாலதி_வோல்கா:

அங்கே மருத்துவம் படித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், தாராளமாகப் போங்கள். மாஸ்கோவிலிருந்து கிழக்கே சுமார் 400 கிலோமீட்டர், வேக ரயிலில் ஏறினால் ஏறத்தாழ நாலு மணி நேரம். டிக்கெட் எடுக்கும்போது மட்டும் பெயரை முழுசாகப் பாருங்கள், வெலிக்கி நோவ்கரோத் என்று இன்னொரு ஊர் வடமேற்கே இருக்கிறது, அவசரத்தில் அதற்கு எடுத்துவிடப் போகிறீர்கள்.

ஊரின் அமைப்பு புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஓகா ஆறு வோல்காவில் வந்து கலக்கிற இடம் இது. ஓகாவுக்கு ஒரு பக்கம் மேடு, அங்கேதான் கிரெம்லின், பழைய பணக்காரர்களின் மாளிகைகள், பல்கலைக்கழகம் எல்லாம். மறுபக்கம் தட்டையான நிலம், அங்கே ரயில் நிலையம், சந்தை, தொழிற்சாலைகள். ரயிலில் இறங்கினால் நீங்கள் தாழ்வான பக்கம் நிற்பீர்கள். மெட்ரோ பிடித்து பாலம் தாண்டி கோர்க்கி சதுக்கத்தில் மேலே வாருங்கள். அங்கே வேரா முகினா செய்த கோர்க்கி சிலை இருக்கிறது, 1952இல் வைத்தது. அங்கிருந்து கிரெம்லின் வரைக்கும் போல்ஷயா பக்ரோவ்ஸ்கயா தெரு. வண்டி வராது, முழுக்க நடைதான். வழியில் 1913இல் கட்டிய அரசு வங்கிக் கட்டடத்தை விட்டுவிடாதீர்கள், வங்கி என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், பழைய கதைகளில் வருகிற கோட்டை மாதிரி கூம்புக் கோபுரம் எல்லாம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி நாடக அரங்கம், 1896இல் அதைத் திறந்தபோது பாடகர் ஷல்யாபின் பாடினார். வாசலில் ஒரு வெண்கல ஆடு உட்கார்ந்திருக்கும், போகிறவர் வருகிறவர் எல்லாம் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள், நீங்களும் எடுப்பீர்கள்.

கிரெம்லின் 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் செங்கல் கோட்டை, 13 கோபுரம். மாஸ்கோ கிரெம்லினைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் 'இதுவும் அதே மாதிரிதானே' என்பார்கள். கிடையவே கிடையாது. இங்கே மதில் மலைச்சரிவில் படிப்படியாக ஆற்றை நோக்கி இறங்கும், மேலே நடந்தால் ஒரு கோபுரத்துக்கும் அடுத்த கோபுரத்துக்கும் நடுவில் முழங்கால் பேசும். உள்ளே அதிதூதர் மிக்கேல் பேராலயத்தில் குஸ்மா மீனினின் சமாதி. மீனின் இந்த ஊர் இறைச்சி வியாபாரி. 1611இல் மாஸ்கோ போலந்துக்காரர்கள் கையில் இருந்தபோது ஊர்க்காரர்களிடம் பணம் திரட்டிப் படை கட்டினார், இளவரசர் பஷார்ஸ்கி அதற்குத் தலைமை ஏற்றார், 1612இல் மாஸ்கோ மீண்டது. செஞ்சதுக்கத்தில் இரண்டு பேர் சிலை பார்த்திருப்பீர்களே, அவர்கள்தான். அந்தச் சிலையை முதலில் இந்த ஊருக்கென்றுதான் திட்டமிட்டார்கள், கடைசியில் மாஸ்கோவில் வைத்துவிட்டார்கள். 2005இல்தான் அதன் நகல் ஒன்று இங்கே வந்தது, கிரெம்லினுக்குக் கீழே இருக்கிறது.

அப்புறம் ச்க்காலவ் படிக்கட்டு. மேலே விமானி ச்க்காலவின் சிலை, 1937இல் மாஸ்கோவிலிருந்து வட துருவத்துக்கு மேலாகப் பறந்து அமெரிக்காவில் இறங்கியவர், இந்த வட்டாரத்துக்காரர். படிக்கட்டு எட்டு வடிவத்தில் வளைந்து வோல்காவுக்கு இறங்கும். 442 படி. இறங்கும்போது பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கலாம், ஏறும்போது பேச்சே வராது.

கம்பிக்கூடு:

442 இல்லைங்க, 560.

மாலதி_வோல்கா:

இரண்டும் சரி. எட்டின் இரு பக்கத்தையும் சேர்த்தால் 560, ஒரு பக்கமாக ஏறினால் 442. ஏறுகிறவனுக்கு எது முக்கியமோ அதைச் சொன்னேன்.

பழங்கட்டு:

மாலதி சொன்ன வழி அழகான வழி, மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் கோர்க்கியைத் தேடிப் போகிறார், அவரை மேட்டிலேயே சுற்ற வைத்தால் கோர்க்கி எழுதாத பாதி ஊரைத்தான் பார்த்துவிட்டு வருவார்.

முதலில் கஷீரின் வீடு. கோர்க்கியின் (இயற்பெயர் அலெக்ஸேய் பேஷ்கவ்) அப்பா 1871இல் அஸ்த்ரகானில் காலராவில் போனபிறகு, அம்மாவும் பாட்டியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்த தாத்தா வீடு அது. பச்த்தோவி சியெஸ்த் என்ற சரிவுப் பாதையில் இருக்கிறது. தாத்தா சாயப்பட்டறை முதலாளி. 1938இலிருந்து அருங்காட்சியகம். சின்ன மர வீடு, தலை குனிந்துதான் நுழைய வேண்டும். சமையலறையில் சனிக்கிழமை தோறும் பேரப்பிள்ளைகளை அடிப்பதற்கான பிரம்புகள் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும், பக்கத்தில் பெஞ்சு. முற்றத்தில் சாயத் தொட்டிகள். இளமைப் பருவத்தைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தவர்களுக்கு அந்தப் பெஞ்சைப் பார்த்ததும் முதுகு சுரீர் என்னும். படிக்காவிட்டால் அது வெறும் பெஞ்சுதான், ஆகவே ரயிலில் அவருடைய தன்வரலாற்றின் முதல் பாகத்தை மட்டுமாவது படித்துவிட்டு இறங்குங்கள். செமாஷ்கோ தெருவில் இன்னொரு கோர்க்கி அருங்காட்சியகம் உண்டு, 1902 முதல் 1904 வரை குடியிருந்த வீடு. அங்கே அவர் பேர் வாங்கிய எழுத்தாளர், நல்ல மேஜை, நல்ல விளக்கு, விருந்தாளிகள். நேரம் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை.

அடுத்து ரஷ்தியெஸ்த்வென்ஸ்கயா தெரு. கிரெம்லினுக்குக் கீழே ஆற்றை ஒட்டிப் போகிற வியாபாரத் தெரு. என்னைக் கேட்டால் பக்ரோவ்ஸ்கயாவை விட இதுதான் நல்ல தெரு, அங்கே ஐஸ்கிரீம் கடைக் கூட்டம் அதிகம். ஸ்த்ரோகனவ் குடும்பம் கட்டிய தேவாலயம் இந்தத் தெருவில்தான், வெள்ளைக்கல்லில் திராட்சைக் கொடியும் பழமுமாகச் செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். தெருத் தொடக்கத்தில் செங்கல் கட்டடம் ஒன்று, பார்வைக்கு ஒன்றுமில்லை, எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். அதுதான் புக்ரவ் என்ற மாவு வியாபாரி குடும்பம் 1880களில் வீடற்ற கூலிகளுக்குக் கட்டிய இரவு விடுதி. குடிக்காதே, பாடாதே, சத்தம் போடாதே என்று சுவரில் எழுதி வைத்திருந்தார்களாம். கோர்க்கியின் 'அடித்தளம்' நாடகத்தை மாஸ்கோ கலை அரங்கம் மேடையேற்றியபோது, கதாபாத்திரங்கள் எப்படி இருப்பார்கள் என்று காட்ட இந்த ஊர்ப் புகைப்படக்காரர் மாக்ஸிம் த்மீத்ரியெவ் எடுத்த நாடோடிகளின் படங்கள்தான் போயின. மேட்டில் மாளிகை கட்டியவர்களும் இந்த வியாபாரிகள்தான், இங்கே வந்து படுத்தவர்கள் அவர்களுடைய மூட்டையைச் சுமந்தவர்கள்.

இனி ஆலை. நிஜம்தான். ஊரின் வடமேற்கில் சோர்மவ என்று ஒரு பகுதி, அங்கே 1849இல் தொடங்கிய கப்பல் கட்டும் ஆலை இன்றும் ஓடுகிறது. 1902 மே தின ஊர்வலத்தில் செங்கொடி பிடித்துப் போன தொழிலாளி பியோத்தர் ஸலோமவ்தான் கதையில் வரும் பாவெலுக்கு முன்மாதிரி, அவருடைய அம்மா ஆன்னா ஸலோமவா கதையின் தாய்க்கு. மகனைச் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். நாவலில் தாயின் கதை எங்கே முடிகிறது என்று உங்களுக்குத் தெரியும். நிஜத் தாய் 1938 வரை இருந்தார், மகன் 1955 வரை. ஆலைக்குள்ளே விடமாட்டார்கள், கேட்டுக்கொண்டு நிற்கவும் வேண்டாம், ராணுவ வேலையும் நடக்கிற இடம், கேமராவைப் பைக்குள் வையுங்கள். மெட்ரோவில் புரெவெஸ்த்னிக் வரை போய் அங்கிருந்து பஸ். அது கோர்க்கி கவிதையில் வருகிற பறவையின் பெயர் என்பது கொசுறு.

கம்பிக்கூடு:

இலக்கியக்காரர்கள் பேசி முடித்தாச்சா? சரி. நான் சிவில் இன்ஜினியர், எனக்கு இந்த ஊர் என்றால் சந்தையும் இரும்பும்தான்.

பீட்டர்ஸ்பர்க் ரஷ்யாவின் தலை, மாஸ்கோ இதயம், நிஷ்னி சட்டைப்பை என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். காரணம் சந்தை. வோல்காவில் கொஞ்சம் கீழே மக்கார்யெவ் மடத்தடியில் நடந்து வந்தது, 1816இல் தீப்பிடித்து எரிந்தது, அடுத்த வருஷமே இங்கே மாற்றினார்கள். வெள்ளக்காடாகிற சதுப்பு நிலத்தை மேடாக்கிக் கடை வரிசைகள் கட்டியவர் ஸ்பெயின்காரப் பொறியாளர் பெத்தான்கூர். சந்தைத் தேவாலயத்துக்கு வரைபடம் போட்டவர் மோன்ஃபெரான், பின்னால் பீட்டர்ஸ்பர்கில் ஐசக் பேராலயத்தைக் கட்டினாரே அவரேதான். 1890இல் எழுந்த பிரதான சந்தை மாளிகை ரயில் நிலையத்திலிருந்து நடை தூரம்.

1896இல் அனைத்து ரஷ்யக் கண்காட்சி இங்கே நடந்தது. பொறியாளர் விளாதிமிர் ஷூகவ் உலகத்தின் முதல் ஹைபர்போலாய்டு கோபுரத்தை அதற்காகத்தான் எழுப்பினார். நேர்க் கம்பிகளைச் சாய்த்துச் சாய்த்து வைத்தே வளைந்த உருவம் கொண்டு வந்தது, ஒரு கூடை முடைகிற மாதிரி. அந்தக் கோபுரம் இப்போது இங்கே இல்லை, கண்காட்சி முடிந்ததும் ஒரு பணக்காரர் வாங்கி லீபெத்ஸ்க் பக்கம் தன் பண்ணையில் நட்டுவிட்டார். ஆனால் ஏமாற வேண்டாம், பக்கத்து ஊரான த்ஸெர்ஷின்ஸ்க் அருகே ஓகா கரையில் அவருடைய 128 மீட்டர் மின்கம்பிக் கோபுரம் நிற்கிறது, 1929இல் முடிந்தது. ஜோடியாக இருந்தது, இன்னொன்றை 2005இல் திருட்டுத்தனமாகப் பிரித்துவிட்டார்கள். இரும்பு விலைக்கு! அடியில் நின்று நிமிர்ந்து பாருங்கள், கம்பிகளுக்கு நடுவே ஆகாயம்தான் அதிகம்.

கேபிள் காரைக் கிண்டல் செய்யாதீர்கள். வோல்காவைத் தாண்டி அக்கரையில் 'போர்' (Bor) என்ற ஊருக்கு 3.6 கிலோமீட்டர், 2012இல் வந்தது, தண்ணீருக்கு மேல் ஒரே தாவலில் 861 மீட்டர். சுற்றுலாவுக்கு இல்லை, அக்கரை ஆட்கள் வேலைக்கு வந்து போகிற வண்டி. காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள்.

வெண்ணாற்றங்கரை:

அனைவருக்கும் நன்றி, ஒரு சனி ஞாயிறுக்கு இவ்வளவா என்று மலைப்பாக இருக்கிறது. ஆபீசில் ஒருவர் சொன்னார், சோவியத் விஞ்ஞானி சாகரவை அடைத்து வைத்த ஊர் இதுதான் என்று. அது எங்கே?

பழங்கட்டு:

அடைத்து என்று சிறை மாதிரி இல்லை, அதைவிட விசித்திரம். ஆப்கானிஸ்தானுக்குள் படை போனதை எதிர்த்துப் பேசினார் என்று 1980 ஜனவரியில் மாஸ்கோ நடுத்தெருவில் மடக்கி விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். அப்போது ஊருக்குப் பெயரே கோர்க்கி, 1932இல் எழுத்தாளர் உயிரோடு இருக்கும்போதே மாற்றியது, 1990இல்தான் பழைய பெயர் திரும்பியது. வெளிநாட்டவர் நுழைய முடியாத ஊர், அதனாலேயே இதைத் தேர்ந்தெடுத்தார்கள், பத்திரிகைக்காரன் வர முடியாதே. ககாரின் நிழற்சாலை 214, ஒரு சாதாரண அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளம். வாசலில் நாள் முழுக்கப் போலீஸ்காரர். தொலைபேசி கிடையாது. 1986 டிசம்பர் 15 ராத்திரி திடீரென்று ஆட்கள் வந்து தொலைபேசி மாட்டிவிட்டுப் போனார்கள், மறுநாள் கோர்பச்சேவ் கூப்பிட்டு மாஸ்கோ திரும்பலாம் என்றார். ஹைட்ரஜன் குண்டு செய்தவர், நோபல் அமைதிப் பரிசு வாங்கியவர், ஏழு வருஷம் போல அந்தக் குடியிருப்பில். 1991இலிருந்து அருங்காட்சியகம். மேட்டுப் பக்கம்தான், ஆனால் நகரின் தெற்கே தள்ளி, பஸ்ஸில் போக வேண்டும். திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

மாலதி_வோல்கா:

அப்படியானால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பக்ரோவ்ஸ்கயா, கிரெம்லின், கஷீரின் வீடு, சாயங்காலம் ரஷ்தியெஸ்த்வென்ஸ்கயா. ஞாயிறு காலை சாகரவ், திரும்பும்போது ஸ்த்ரெல்கா, அதாவது இரண்டு ஆறும் கலக்கிற முனை. அங்கே மஞ்சள் நிற அலெக்ஸாண்டர் நெவ்ஸ்கி பேராலயம், 2018 உலகக் கோப்பைக்குக் கட்டிய மைதானம், பழைய இரும்புக் கிடங்குகள் எல்லாம் ஒரே இடத்தில். அங்கிருந்து ரயில் நிலையம் கிட்டத்தில்தான். சோர்மவ வேண்டுமென்றால் த்ஸெர்ஷின்ஸ்க் கோபுரத்தை விட்டுவிடுங்கள், இரண்டும் ஒரே ஞாயிறில் நடக்காது.

கம்பிக்கூடு:

நடக்கும். காலையில் சீக்கிரம் எழுந்தால் நடக்கும். எதை விட்டாலும் கோபுரத்தை விடாதீர்கள்.