மலேசியா சுங்கை சிப்புட்ல நடுராத்திரி வெடிச்ச பீர் போத்தல்

கேள்வி:
வீட்டுல 5 லிட்டர் பீர் போட்டேன். நாலாம் நாள் குமிழி அடங்குச்சு. 640 மில்லி போத்தல்ல ஊத்தி, ஒவ்வொண்ணுக்கும் 2 தேக்கரண்டி சீனி போட்டு மூடி அடிச்சு அலமாரிக்குக் கீழ வச்சேன். நேத்து ராத்திரி டமார்! அம்மா தீபாவளி வெடின்னு நெனச்சாங்க. கண்ணாடித் துண்டு அரிசி வாளி வரைக்கும் பறந்திருக்கு. மிச்சம் 6 போத்தல் இருக்கு, கிட்டப் போகவே பயம். என்ன செய்யலாம்?

பதில் 1:
வெறுங்கையால தொடாதே தம்பி. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு, தடிச்ச கையுறை போடு. போத்தலை ஈரச் சாக்கால மூடித் தூக்கி ஐஸ் பெட்டியில (ஃப்ரிட்ஜ்ல) வை. நல்லா சில்லுனு ஆனா வாயு பீருக்குள்ள கரையும், அழுத்தம் குறையும். மறுநாள் சாக்கு மேலேயே இருக்க, மூடியை மெதுவா நெம்பு.

பதில் 2:
2 தேக்கரண்டின்னா 8 கிராம் வரும். லிட்டருக்கு 6, 7 கிராம் போதும், நீ ரெண்டு மடங்கு போட்டிருக்கே. அதைவிடப் பெரிய தப்பு, குமிழியை நம்பினது. நம்ம தோட்டத்துப் பக்கம் 32 டிகிரி வெயில்ல ஈஸ்ட் (சீனியைத் தின்னு வாயு விடுற நுண்ணுயிர்) பாய்ஞ்சு வேலை செய்யும், அப்புறம் தூங்குற மாதிரி நடிக்கும். ஹைட்ரோமீட்டர்ல (பீரோட அடர்த்தியை அளக்குற கருவி) 3 நாள் ஒரே அளவு காட்டினாத்தான் போத்தல்ல ஊத்தணும். சீனியையும் போத்தல் போத்தலாப் போடாம, தண்ணில காய்ச்சி மொத்த பீர்லயும் கலந்திரு. ஒரு பிளாஸ்டிக் சோடா போத்தல்லயும் ஊத்தி வை. அது கல்லு மாதிரி இறுகினா எல்லாத்தையும் ஐஸ் பெட்டிக்கு மாத்து.

கேட்டவர்:
அஞ்சு தெறந்தாச்சு அண்ணே. ஆறாவது கூரைத் தகரத்தைக் குளிப்பாட்டிருச்சு. அம்மா இன்னும் பேசல.