எழுத்துக்கூட்டு வழி: வாசிப்பு மாதிரிகளுக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நாம் சொற்களை எப்படிப் படிக்கிறோம் என்று விளக்கும் வாசிப்பு மாதிரிகளில் lexical route, nonlexical route என்று இரண்டு வழிகள் வருகின்றன. நம் கலைச்சொல் பட்டியலுக்காக அவற்றுக்கு 'சொற்களஞ்சிய வழி', 'சொற்களஞ்சியம் சாரா வழி' என்று இந்த இழையில் ஐயா தந்த இணையைப் பார்த்தேன். முதலாவது சரி. இரண்டாவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அந்த வழி எது இல்லை என்று மட்டும் அது சொல்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வேலைக்கு நம் வீடுகளிலேயே பேச்சு உண்டு: எழுத்துக் கூட்டிப் படிப்பது. அதையே எடுத்து 'எழுத்துக்கூட்டு வழி' என்று வைப்போம்.

இப்போதுதான் இழைக்கு வந்தவர்களுக்காக: உளவியலாளர் மாக்ஸ் கோல்ட்ஹார்ட் குழுவினர் 2001இல் வெளியிட்ட இருவழிக் கணினி மாதிரியில், ஒரு சொல்லை வாய்விட்டுப் படிக்க இரண்டு பாதைகளும் சேர்ந்தே இயங்குகின்றன. ஒன்று, களஞ்சிய வழி, தெரிந்த சொல்லை முழுதாக அடையாளம் கண்டு அதன் ஒலிப்பை எடுத்துத் தருகிறது. மற்றது, கூட்டும் வழி, எழுத்துகளை இடமிருந்து வலமாக ஒலியாக மாற்றிக்கொண்டே போகிறது. ஆங்கிலத்தில் 'மின்ட்' (mint), 'ஹின்ட்' (hint) இரண்டையும் எந்த வழியிலும் படித்துவிடலாம். முதல் எழுத்து மட்டும் மாறிய 'பைன்ட்' (pint) அப்படியில்லை. கூட்டினால் 'பின்ட்' என்றுதான் வரும். மூளைப் பாதிப்பால் களஞ்சிய வழி கெட்ட சிலர் அப்படித்தான் படிக்கிறார்கள். வேறு சிலருக்குக் கூட்டும் வழி கெட்டிருக்கும். பழகிய சொற்களைப் படித்துவிடுவார்கள், மொழியில் இல்லாத ஒரு சொல்லை எழுதிக் காட்டினால் திணறுவார்கள்.

எழுத்துக் கூட்டுவது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் வேலை, தேர்ந்த வாசகருக்கு அது பொருந்தாது என்று ஒரு மறுப்பு வந்தது. தேர்ந்த வாசகரிடமும் அது தொடர்கிறது என்பதுதான் இந்த மாதிரியின் வாதமே. அதிகம் புழங்காத, 'பைன்ட்' போல எழுத்தொலி ஒழுங்கை மீறிய சொல்லைப் படிக்கப் பெரியவர்களுக்கும் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கிறது. இரு வழிகளும் இரு விடை தந்து மோதுவதால் வரும் தாமதம் அது. மீறல் சொல்லின் தொடக்கத்திலேயே இருந்தால் தாமதம் கூடும் என்றும் சோதனைகள் காட்டின. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் போனால் அப்படித்தானே ஆகும்!

ஒரு எச்சரிக்கை. சைடன்பர்க், மக்லெலண்ட் என்ற இரு ஆய்வாளர்களின் 1989 வாசிப்பு மாதிரிக்கு இந்தச் சொல்லைப் போடக் கூடாது. அதில் விதியும் இல்லை, சொற்பட்டியலும் இல்லை. எல்லாச் சொற்களும் ஒரே கணினிப் பிணையத்தின் எடைகளில்தான் (இணைப்புகளின் வலிமைகளில்தான்) பதிந்திருக்கின்றன. பட்டியலில் இந்தச் சொல்லுக்கான பதிவில் இதைக் குறித்துவிட வேண்டும்.

தமிழுக்கு இது எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. பக்கம், பகல், பங்கு மூன்றிலும் ககரம் வேறு வேறாக ஒலித்தாலும் இடத்தை வைத்தே சொல்லிவிடலாம், கூட்டினால் போதும். 'பாவம்' அப்படி வராது. பாவ புண்ணியமா, முகபாவமா என்பது வாக்கியத்தைப் பார்த்தால்தான் தெரியும். 'பந்து' விளையாடுவதா, உறவினரா என்பதும் அப்படியே. இங்கே களஞ்சிய வழியும் தனியாக உதவாது. இரண்டு ஒலிப்புகளையும் அது நீட்டும்.

அப்புறம், மொழியில் இல்லாத அந்தச் சோதனைச் சொற்களுக்குப் 'போலிச்சொல்' என்ற பெயர் வேண்டாம். நிலம்–நிலன் என்பதைப் போலி என்று இலக்கணத்தில் படித்துவிட்டு வரும் மாணவர் குழம்புவார். 'புனைசொல்' என்று வைக்கலாமா? மாற்று இருந்தால் எழுதுங்கள், சேர்த்தே பட்டியலில் ஏற்றிவிடலாம்.