ஆர்டிஇ சீட்டுல படிக்கிற பொண்ணு, ஸ்கூல் மாத்திடலாமா?

பட்டினப்பாக்கம் அம்மா:
எம்பொண்ணு நாலாவது படிக்கிறா. எல்கேஜி சேரும்போது, தனியார் ஸ்கூல்ல ஏழை புள்ளைங்களுக்கு இலவச சீட்டு குடுக்குற ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) குலுக்கல்ல பேர் விழுந்து பெரிய ஸ்கூல்ல சீட் கெடச்சுது. அவங்கப்பா கடலுக்குப் போறவரு. சின்ன கிளாஸ்ல ஒண்ணும் தெரியல, இப்பதான் அவளுக்கு எல்லாம் புரியுது. மீன் வாடை அடிக்குதுன்னு ரெண்டு புள்ளைங்க எடம் மாறி ஒக்காந்துட்டாங்களாம், அன்னிக்கு அவ டப்பால இருந்தது தயிர்சாதம். அதவிட, மிஸ் ஏதோ லிஸ்ட் எடுக்க "ஆர்டிஇ பசங்க எழுந்திருங்க"ன்னு கிளாஸ்லயே சொல்லியிருக்காங்க, அதுலருந்து தெனம் காலைல வயித்துவலின்னு படுத்துக்குறா. கார்ப்பரேஷன் ஸ்கூல்லயே சேத்துடலாம்ங்குறாரு இவரு. என்ன பண்ண?

சட்டக்கல்லூரி தம்பி:
அக்கா, அவசரப்படாதீங்க. ஆர்டிஇக்கு ஒதுக்குற 25% சீட்டு ஆரம்ப வகுப்புல மட்டும்தான், இப்ப விட்டா திரும்பக் கிடைக்காது. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு, அடிக்கிறத மட்டுமில்ல, மனசு நோகடிக்கிறதயும் தடை பண்ணுது. பாப்பாவுக்கான பணத்த அரசாங்கம் ஸ்கூலுக்கு குடுக்கணும்னு சட்டத்துலயே இருக்கு, யாரும் தர்மத்துக்கு படிக்க வைக்கல. பிரின்சிபால்கிட்ட எழுத்துல குடுங்க, வாயால சொன்னா நிக்காது, காப்பில கையெழுத்து வாங்கிக்கோங்க. அதுக்கும் அசையலன்னா பள்ளிக்கல்வித்துறை ஹெல்ப்லைன் 14417க்கு போன் பண்ணுங்க.

மலர்:
நானும் ஸ்காலர்ஷிப்ல பணக்கார ஸ்கூல்ல படிச்சவதான் சிஸ்டர். எங்க தெரு பேர சொன்னாலே என்ன சாதின்னு தெரிஞ்சுடும், அதனால வீடு எங்கன்னு கேட்டா வேற ஏரியா சொல்லுவேன். பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு அம்மா வரவேணாம்னு கூட நெனச்சிருக்கேன், அதான் இன்னும் உறுத்துது. உங்க பொண்ணு அந்த அளவுக்கு போறதுக்குள்ள பேசுங்க. அப்பா எந்தக் காத்துக்கு படகை எறக்குறாரு, எப்படி கரை திரும்புறாருன்னு அவரே அவகிட்ட சொல்லட்டும். கிளாஸ்ல அவளுக்குப் புடிச்ச ஒரு புள்ள இருக்கும், அத ஒரு நாள் வீட்டுக்கு கூப்பிடுங்க. எனக்கு அப்படி ஒருத்தி இருந்தா, அவளாலதான் தாக்குப்புடிச்சேன்.

ரெண்டு பசங்க அப்பா:
எனக்கு இதுல மாத்துக்கருத்து. புள்ள தெனம் அழுதா எந்த ஸ்கூலும் வேணாம். எட்டாவது வரைக்கும்தான் ஆர்டிஇ, ஒம்பதாவதுலருந்து ஃபீஸ் நாமதான் கட்டணும், அதயும் யோசிங்க. இன்னொண்ணு, மெடிக்கல் சீட்டுல அரசு பள்ளி பசங்களுக்குன்னு 2020ல வந்த 7.5% ஒதுக்கீடு, ஆர்டிஇல எட்டாவது வரைக்கும் படிச்சுட்டு ஒம்பதாவதுலருந்து அரசு பள்ளில படிச்சவங்களுக்கும் உண்டு. அதனால இன்னிக்கே முடிவெடுக்கணும்னு இல்ல.

பட்டினப்பாக்கம் அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 7.5% விஷயம் எங்களுக்கு தெரியவே தெரியாது. லெட்டர் எழுதியாச்சு, திங்கக்கெழம ரெண்டு பேருமே போறோம், இவரும் வரேன்னுட்டாரு. தம்பி, அந்த மிஸ் பேர லெட்டர்ல போடணுமா, இல்ல கிளாஸ் மட்டும் போட்டா போதுமா?