மறு: ‘பன்னிறமை’யா, ‘திசைநிறமை’யா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரே படிகம் திசைக்கேற்ப வேறுவேறு நிறம் காட்டும் பண்பான ப்ளியோக்ரோயிசம் என்பதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக இங்கே முன்மொழியப்பட்ட ‘பன்னிறமை’ காதுக்கு இனிமையாக இருந்தாலும் பொருளில் வழுக்குகிறது என்பது என் கருத்து. பச்சையும் சிவப்பும் பட்டையாக அமைந்த டூர்மலினையும் பன்னிறக் கல் என்றுதான் சொல்வோம். அது வேறு, இது வேறு.

பெனிட்டோயைட்டை எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவின் சான் பெனிட்டோ வட்டாரத்தில் கிடைத்து, முதலில் நீலக்கல் என்று கருதப்பட்டு, 1907இல் நிலவியலாளர் லௌடர்பேக் புதிய கனிமமென நிறுவிய பேரியம் டைட்டானியம் சிலிக்கேட் அது. நீலக்கல்லின் கடினத்தன்மை மோ அளவில் 9; இதற்கோ 6 முதல் 6.5 வரைதான். ஒளிவிலகல் எண்கள் 1.757, 1.804 என இரண்டாக இருப்பதால், பட்டை தீட்டிய கல்லை லென்ஸ் வைத்துப் பார்த்தால் பின்புற விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். நிறப்பிரிகையில், அதாவது வெள்ளொளியை வண்ணங்களாகப் பிரிப்பதில், வைரத்துக்கு ஈடுகொடுக்கும். இவற்றுக்கெல்லாம் நம்மிடம் சொல் உண்டு.

சிக்கல் நிறத்தில்தான். படிகத்தின் முதன்மை அச்சுக்கு இணையாக அதிரும் ஒளி நீலமாகவும், செங்குத்தாக அதிரும் ஒளி ஏறக்குறைய நிறமற்றும் வெளிவருகிறது. ஆகவே அச்சின் வழியே நோக்கினால் நிறமில்லை, பக்கவாட்டில் நோக்கினால் நீலம்.

இதற்கு ‘மயில்கழுத்துமை’ என்றொரு பரிந்துரையும் வந்தது. வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த எனக்கு அச்சொல்லின் மேல் ஆசைதான், எம்.சி. ரோட்டுக் கடைகளில் மயில்கழுத்துப் புடவையை விரித்து விசிறும்போது நீலமும் பச்சையும் மாறிமாறி மின்னுவதைப் பார்க்காதவர் எங்கள் பக்கம் இருக்க மாட்டார். ஆனால் புடவையில் பாவுக்கு ஒரு சாயம், ஊடைக்கு ஒரு சாயம். கல்லிலோ ஒரே படிகம், ஒளி அதிரும் திசைக்கேற்ப அதை வேறுவேறாக உட்கவர்கிறது. உவமை அழகுதான், காரணம் பொருந்தவில்லை.

எனவே பொதுச்சொல்லாகத் ‘திசைநிறமை’ என்பதை முன்வைக்கிறேன். பெனிட்டோயைட்டுக்கு இருதிசைநிறமை, தமிழ்நாட்டிலும் கிடைக்கும், மூன்று நிறம் காட்டும் கார்டியரைட் என்ற கனிமத்துக்கு முத்திசைநிறமை. திசை என்பது பார்க்கும் திசையா, அதிரும் திசையா என்று கேட்கலாம். வரையறையில் அதிரும் திசை என்று எழுதிவிட்டால் மற்றது அதிலிருந்தே பெறப்படும். இப்பண்பைக் கண்டறியும் கருவியை மட்டும் ‘திசைநிறங்காட்டி’ என்றால் நாக்கில் தடுக்குகிறது. குறுகிய சொல் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.